கரடிக் குகையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை: நடையும் கதையும்

ஏற்காட்டில் கரடிக் குகையைப் பார்த்துவிட்டு அங்கிருந்து சேர்வராயன் கோயில் குகை வரை நடந்தே போக முடியுமா, இரண்டு குகைகளுக்கும் நடுவே சுரங்கம் ஓடுகிறது என்கிறார்களே அது உண்மையா, அறுபதைத் தாண்டிய, முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா, சேலத்திலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நான்காக இருந்தாலும் விஷயம் இரண்டுதான். இந்த நடைக்கு எவ்வளவு நேரமும் தெம்பும் வேண்டும் என்பது ஒன்று. வழியில் காதில் விழப்போகும் கதைகளில் எதை நம்புவது என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: போகலாம், தார்ச்சாலையிலேயே போகலாம், அரை நாள் தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு அந்த மலை எந்தக் கல்லால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஏரிக்கரையில் இருந்து கரடிக் குகை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், அங்கிருந்து கோயில் இன்னொரு 3 கிலோமீட்டர். கோயில் 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது 5,326 அடி. ஏரியிலிருந்து பார்த்தால் நீங்கள் ஏறப்போவது சுமார் 250 மீட்டர்தான். மலை நடைக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தக் கணக்கில் ஏரியிலிருந்து கோயிலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கான கணக்கு. அம்மாவோடு போகும்போது இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், குகைகளில் நிற்கும் நேரம் தனி. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் விடிந்ததும் பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மேலே இறங்கிவிடலாம். வளைவுகளில் தலை சுற்றும் வழக்கம் இருந்தால் முன் இருக்கையில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். எட்டு மணிக்கு நடக்க ஆரம்பித்தால் நண்பகலுக்கு முன்பே கோயிலில் இருப்பீர்கள்.

வழி தவறும் இடம் எது என்றால், எஸ்டேட் பாதைகள்தான். போனில் உள்ள வரைபடத்தில் காப்பித் தோட்டத்துக்குள் ஓடும் ஜீப் தடங்களும் சாலை மாதிரியே தெரியும். குறுக்கே போனால் ஒரு கிலோமீட்டர் மிச்சம் என்று காட்டும். நம்பி இறங்கினால் அரை மணி நேரம் கழித்துப் பூட்டிய கேட் முன்னால் நிற்பீர்கள். தோட்டத்துக்குள் நிழல் மரங்கள் வானத்தை மறைத்துவிடும், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி செடி, ஒரே மாதிரி சரிவு. அதில் மூடுபனியும் சேர்ந்தால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைத் தவிர வேறொன்றும் புரியாது. அதோடு அது தனியார் நிலம். காப்பிப் பழம் எடுக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் அந்நியர் உள்ளே நடமாடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். வழிக்குத் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது பொது விதி. வலப்பக்கம் திரும்பும் வளைவில் மட்டும், வருவது தெரியாது என்பதால், வளைவுக்குக் கொஞ்சம் முன்பே இடப்பக்கம் மாறி, தாண்டியதும் திரும்ப வலப்பக்கம் வந்துவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் இது மிக முக்கியம். முடிந்தால் வார நாளில் போங்கள்.

கரடிக் குகை நார்ட்டன் பங்களா பக்கத்தில், எஸ்டேட் நிலத்தில் இருக்கிறது. பார்க்க அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். கேட் திறந்திருக்கிறதா என்பது அன்றைய நிலவரம், அதை இங்கிருந்து யாரும் உறுதி சொல்ல முடியாது. திறக்கவில்லை என்றால் வாக்குவாதம் செய்யாமல் மேலே நடையைக் கட்டுங்கள். பெரிய இழப்பு இல்லை. திப்பு சுல்தான் இங்கே ஒளிந்திருந்தார் என்று அங்கே நிச்சயம் ஒருவர் சொல்வார். இதில் உறுதியான பகுதி, சேலம் வட்டாரம் மைசூர் ஆட்சியில் இருந்தது என்பதும், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு அதை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார் என்பதும், அதன் பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இங்கே நிர்வாகத்துக்கு வந்தார் என்பதும். ஒளிந்திருந்த கதைக்குச் சான்றாகக் காட்டப்படுவதோ குகை ஒன்றுதான். பாறை இடுக்கு எங்கே இருந்தாலும் அதற்குள் திப்புவை உட்கார வைப்பது நம் பக்கத்து வழக்கம், சங்ககிரியைச் சுற்றிலும் இதே கதையைக் கேட்கலாம். படை, குதிரை, கோட்டை எல்லாம் வைத்திருந்த அரசர் தலைமறைவாக இருக்கும் தேவை வந்தால்கூட, ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்கு ஏன் வர வேண்டும் என்று கதை சொல்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சுரங்கக் கதைக்கு வருகிறேன், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற பாறை. சாலையோரம் புதிதாக வெட்டிய இடத்தில் பார்த்தால் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு, நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில் தெரியும். கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை அங்கே ஆராய்ந்து, நிலவியலாளர் டி. எச். ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார், அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனது. சேலம் பகுதியில் இந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பூமிக்குள் மிக ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில் இறுகியது. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் இயற்கைச் சுரங்கங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில் உண்டாகின்றன, ஏனென்றால் மழைத்தண்ணீர் அதைக் கரைக்கும். சார்னோக்கைட் அப்படிக் கரையாது. அதில் குகை வேறு விதமாகத்தான் வரும். பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழும், விரிசல் வழியே தண்ணீர் இறங்கி ஓரங்கள் மண்ணாகும், நடுவில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து உரிந்து பெரிய உருண்டைப் பாறைகள் மிஞ்சும். மண் அரித்துக்கொண்டு போனபின் அந்த உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் சந்துதான் நாம் குகை என்று சொல்வது. அது வெகுதூரம் போவது அபூர்வம். போகப் போகக் குறுகி மண்ணில் முடியும், அல்லது மறுபக்கம் வெளிச்சத்தில் திறக்கும். இருட்டில் ஒடுங்கிப் போவதால் அது இன்னும் எங்கேயோ நீள்கிறது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். மனிதர் குடைந்திருக்கலாமே என்றால், இந்தக் கல்லில் 3 கிலோமீட்டர் குடைய வெடிமருந்தும் காற்றுப் போக்கும் வேண்டும், வெட்டிய கல்லை மலை மலையாகக் கொட்டிய இடமும் இருக்க வேண்டும். அப்படி ஒரு குவியல் அங்கே இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்து பார்க்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். வௌவால், பாம்பு, வழுக்கும் எச்சம், தலையில் இடிக்கும் கல், இத்தனையும் உள்ளே உண்டு.

இரண்டு குகைகளுக்கும் இடைப்பட்ட வழி எனக்குக் குகைகளைவிட முக்கியமாகப் படுகிறது. நீங்கள் நடக்கும் சாலையின் இருபுறமும் காப்பி. எம். டி. காக்பர்ன் என்பவர் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தார், இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். ஆப்பிள், ஆரஞ்சு வகைகளையும் அவர் காலத்தில்தான் முயன்று பார்த்தார்கள். அவர் தொடங்கிய கிரேஞ்ச் எஸ்டேட் இந்த மலையின் தோட்டங்களுக்கெல்லாம் மூத்தது. ஆக இன்று காடு என்று நாம் படம் எடுப்பதில் பெரும்பகுதி இருநூறு ஆண்டு வயதுள்ள தோட்டம். மேலே நேராக, உயரமாக, அடியில் வெள்ளி போல மின்னும் இலைகளோடு நிற்பது சில்வர் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வேகமாக வளரும், கிளையைக் கழித்துவிட்டால் நிழலை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம், தண்டில் மிளகுக் கொடியை ஏற்றலாம். அதனால் தோட்டக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. அதன் கீழே இடுப்பளவோ தலையளவோ கவாத்து செய்து நிறுத்திய செடி அராபிகா காப்பி. மார்ச், ஏப்ரலில் கோடைமழை ஒன்று நன்றாகப் பெய்தால் பத்து நாளுக்குள் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல மணக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும், தேதி குறித்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது. நடுவே வேலியோரம் பலா, ஆரஞ்சு, அங்கங்கே பழைய சோலை மரங்கள். பழம் எடுக்கும் காலத்தில் களத்தில் காப்பி காயப் போட்டிருப்பார்கள், அதன்மேல் மிதித்துவிடாதீர்கள். சாலைக்குப் பக்கத்திலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

காட்டெருமை இந்தத் தோட்டங்களுக்குள் சகஜமாக நடமாடுகிறது. பெரிய உருவம், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். அமைதியாக நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தனியாக நிற்கும் ஆண் காட்டெருமையும் கன்றோடு நிற்கும் பசுவும் ஆபத்தானவை. பார்த்ததும் நில்லுங்கள், சத்தம் போடாதீர்கள், அது போக வழி விட்டுப் பின்வாங்குங்கள், செல்ஃபிக்காக ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். அதிகாலையும் அந்தியும்தான் அது அதிகம் வெளியே வரும் நேரம், எட்டு மணிக்கு மேல் நடையைத் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் மலைத்தேனீக் கூடு தொங்கும். அதன் கீழே புகை பிடிப்பது, சென்ட் அடித்துக்கொண்டு போவது, கல் எறிவது மூன்றும் வேண்டாம். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் தின்பண்டம் என்று தெரியும். எதையும் தோள்பைக்குள் வைத்து மூடுங்கள்.

கோயிலை நெருங்கும்போது தரையின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். கருங்கல் மறைந்து, செம்மண்ணும் துளை துளையான செந்நிறக் கற்களும் வரும். மேலே ஏறியதும் திடீரென்று மரங்கள் விலகிப் புல்வெளி விரியும். மலை உச்சி கூம்பாக இல்லாமல் மைதானம் போலத் தட்டையாக இருப்பது முதல்முறை வருபவருக்கு வியப்பாக இருக்கும். காரணம் அந்தச் செந்நிறக் கல்தான். தட்டையான இடத்தில் மழைநீர் ஓடிவிடாமல் கீழே இறங்கும். பல லட்சம் ஆண்டு அப்படி இறங்கி, சார்னோக்கைட்டில் உள்ள சிலிக்காவையும் மற்றவற்றையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டு, அலுமினியமும் இரும்பும் மட்டும் மேலே மிஞ்ச, அது கெட்டித்தட்டிப் போனது. அதுதான் பாக்சைட் என்ற அலுமினியத் தாது. இந்த மூடி அரிப்புக்கு எளிதில் அசையாது, அதனால் உச்சி தட்டையாகவே நிற்கிறது. இந்த மலையின் பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெட்டிய பள்ளங்களின் தடயங்கள் தென்படும், ஓரத்தில் நிற்காதீர்கள், மண் பொலபொலப்பானது.

கோயில் இந்தத் தளத்தின் விளிம்பில் இருக்கும் குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். வாசல் தாழ்வு, உள்ளே குனிந்துதான் போக வேண்டும், தரை ஈரமாக இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். உட்புறம் குறுகல் என்பதால் ஒருவர் வெளியே வந்தபின் அடுத்தவர் போவது நல்லது. இந்தக் குகை, குடகில் காவேரி பிறக்கும் தலைக்காவேரி வரை போகிறது என்பது மலைமேல் பரவலாகச் சொல்லப்படும் நம்பிக்கை. மலையையும் ஆற்றையும் கணவன் மனைவியாக ஒரே குகையில் வைத்துக் கும்பிடுவதற்கு அந்த நம்பிக்கை பொருத்தமாக இருக்கிறது, நம்பிக்கை என்ற அளவில் அதற்கு மரியாதை கொடுப்போம். பூகோளமாகக் கேட்டால் விடை வேறு. தலைக்காவேரி நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதன் உயரம் 1,276 மீட்டர். சேர்வராயன் குகை அதைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் இங்கே வர வேண்டுமென்றால் மேல்நோக்கி ஓட வேண்டும். குகையில் கசியும் ஈரம், மேலே பெய்த மழை செந்நிறக் கல்லின் துளைகள் வழியே இறங்கி வெளிவருவது.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். நான் மருத்துவர் அல்ல. வீக்கம் இருந்தாலோ, படியேறும்போது கால் பிசகுவது போல இருந்தாலோ முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மலை நடையில் பொதுவாக அறிந்தது இது: முழங்காலை வருத்துவது ஏற்றத்தைவிட இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முட்டியில் இறங்கும், அதன் வலி மறுநாள்தான் தெரியும். ஆகவே ஏற்றத்தை நடந்து, இறக்கத்தை வண்டியில் வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஆட்டோவில் மேலே போய் நடந்து இறங்கி, மறுநாள் படுத்துக்கொள்கிறார்கள். ஏரிக்கரையிலேயே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி, மதியம் கோயிலுக்கு வந்து அழைத்துப்போகச் சொல்லி அவர் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போனபின் வண்டி தேடிக்கொள்ளலாம் என்று இருந்தால் வார நாளில் காத்திருக்க நேரிடும். முழுத் தூரமும் வேண்டாம் என்று அம்மா சொன்னால் கரடிக் குகை வரை வண்டியில் போய், பிறகு மேல் 3 கிலோமீட்டரை மட்டும் நடக்கலாம், பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கேதான். ஊன்றுகோல் ஒன்று கட்டாயம் வேண்டும். நேராக நின்று பிடித்தால் முழங்கை ஓரளவு மடங்கும் உயரம் சரி. வலி வலது முழங்காலில் என்றால் கோல் இடது கையில் இருக்க வேண்டும், வலிக்கும் காலோடு சேர்ந்து கோலும் முன்னே போக வேண்டும். வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடியில் வழுக்காத பிடிப்பு உள்ள, கணுக்காலில் இறுகக் கட்டும் ஷூ போடுங்கள், புதிதாக வாங்கியதை அன்றைக்கே முதல்முறையாகப் போடாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, கடலை மிட்டாய், இவ்வளவு போதும்.

எப்போது போவது? டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காலை குளிரும், ஆனால் மழை குறைவு, காப்பிப் பழமும் கொஞ்சம் செடியில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடியோடு கொட்டும். அந்தத் தட்டையான உச்சியில் இடி நேரத்தில் நிற்பது இந்த நடையின் மிகப் பெரிய உயிராபத்து, காட்டெருமைகூட இரண்டாம்பட்சம்தான். மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே திறந்தவெளியை விட்டு விலகி வண்டிக்குள்ளோ கட்டிடத்துக்குள்ளோ போங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி, மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டால் போக்குவரத்தை நிறுத்துவார்கள், அப்போது குப்பனூர் வழிதான் மாற்று. மூடுபனி எந்த மாதமும் வரலாம். குடையைவிட மழைக்கோட்டு மேல், உச்சியில் காற்று குடையைத் திருப்பிவிடும்.

இரண்டு சரித்திர இடங்களுக்கு நடுவே நடக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், கரடிக் குகைக்குப் பதில் ஊருக்குள் இருக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் தொடங்குவதை நான் பரிந்துரைப்பேன். 1853இல் கட்டியது. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர், அவர் நினைவுக்கல் அங்கே உள்ளது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல், 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். தமிழ் படித்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்வராயன் மலையில் இழைத்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலைவாழ் மக்கள் அவற்றைச் சின்னக் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே வழியில் மரத்தடிச் சாமி முன்னால் வழவழப்பான கல் எதையாவது பார்த்தால் கையில் எடுக்காதீர்கள், படம் எடுப்பதற்கும் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

மே மாதத்தில் கோயில் திருவிழா. சுற்றுப்பட்டு மலைக்கிராமங்களின் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையின் பழங்குடியினர்) குடும்பத்தோடு வந்து அந்த மைதானத்தை நிறைப்பார்கள். திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்காகவே போங்கள், ஆனால் அன்றைக்கு அம்மாவை நடக்கச் சொல்லாதீர்கள், குகைக்குள் நுழைய வரிசை நீளும், சாலையில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். மற்ற நாளில் மதியம் ஒரு மணிக்கு மேலிருந்து இறங்கினால் ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் பஸ் நிலையத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், நின்றுகொண்டே 20 வளைவையும் இறங்குவது முழங்காலுக்கு நல்லதல்ல.